மீட்டர் 'ஓகே' சொல்லும்.. ஆனா சிக்னல் வெளியே போகாது! ஹாம் ரேடியோ ஆண்டெனாவை எப்படி அளக்கிறார்கள்? முழு விளக்கம்

30 மீட்டர் நீளத்துக்கு ஆர்.ஜி-58 கேபிள். ஒரு முனையில் ரேடியோ. மறுமுனை மொட்டை மாடியில் சும்மா தொங்குகிறது. ஆண்டெனா எதுவும் மாட்டவில்லை.

இந்த நிலையில் 145 மெகாஹெர்ட்ஸில் ரேடியோவை அழுத்தினால், பக்கத்தில் இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் என்ன காட்டும்? ஏதோ பெரிய கோளாறு என்று முள் எகிறும் என்றுதானே நினைப்போம். இல்லை. சுமார் 1.7 காட்டும். '2-க்குள்ள இருந்தா பரவாயில்லை' என்று பெரும்பாலான ஹாம் ரேடியோக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் எண் இது.

ஆண்டெனாவே இல்லாத கேபிளைப் பார்த்து மீட்டர் ஏன் 'எல்லாம் நல்லா இருக்கு' என்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால், ஒரு ஆண்டெனாவை எதற்காக இவ்வளவு மெனக்கெட்டு அளக்கிறார்கள், கம்ப்யூட்டரில் மாடல் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

ஹாம் ரேடியோவா? இன்னுமா இருக்கு?

இருக்கிறது. மத்திய அரசின் டபிள்யூ.பி.சி பிரிவிடம் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள், வியாபார நோக்கம் இல்லாமல், சொந்த ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான் ஹாம் ரேடியோ. ஒவ்வொருவருக்கும் 'வி.யு' என்று தொடங்கும் தனி அழைப்புக் குறி உண்டு. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஹாம். அவருடைய குறி வி.யு.2.ஆர்.ஜி. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம், அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

செல்போன் காலத்தில் இது எதற்கு என்ற கேள்விக்கு 2004 டிசம்பர் 26 பதில் சொன்னது. அந்த மாதம் அந்தமானில் இருந்து ஹாம் ரேடியோவை இயக்குவதற்காக பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. அவருடைய அழைப்புக் குறி வி.யு.2.ஆர்.பி.ஐ. பொழுதுபோக்குக்காகப் போன பயணம். அன்று காலை நிலம் குலுங்கியது, பின்னாலேயே சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்த தீவுகளில் இருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்ற தகவலை வெளியே கொண்டுவந்ததில் இந்த ஹாம் ரேடியோக்களுக்குப் பெரிய பங்கு இருந்தது.

போர்ட் பிளேரில் இருந்து கார் நிக்கோபார் சுமார் 270 கிலோமீட்டர். நடுவில் டவர் இல்லை, கேபிள் இல்லை. இரண்டு பக்கமும் ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, ஒரு ஆண்டெனா. இதில் ரேடியோவைக் கடையில் வாங்கிவிடலாம். ஆண்டெனாவை அந்தந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி கட்டினால்தான் உண்டு. அது சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் புயல் வந்த பிறகு அல்ல.

எஸ்.டபிள்யூ.ஆர் என்றால் என்ன?

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை ஒரு முனையில் பிடித்து உதறிப் பாருங்கள். அலை ஓடிப்போய், சுவரில் கட்டிய இடத்தில் முட்டி, உங்கள் கைக்கே திரும்பி வரும். ரேடியோ சிக்னலும் அப்படித்தான். கேபிள் வழியாக ஆண்டெனாவுக்குப் போகும். ஆண்டெனா அதை அப்படியே வாங்கிக்கொண்டால் பிரச்சினை இல்லை. வாங்கிக்கொள்ள முடியாத பகுதி திரும்பி வரும்.

வாங்கிக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் எதைப் பொறுத்தது? இம்பீடன்ஸ் எனப்படும் மின்மறுப்பைப் பொறுத்தது. ரேடியோவும் கேபிளும் 50 ஓமுக்கு என்று செய்யப்பட்டவை. ஆண்டெனாவும் 50 ஓமாக இருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர் 1. விலக விலக எண் ஏறும். 1.5 என்றால் 4 சதவீத சக்தி திரும்புகிறது. 2 என்றால் சுமார் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம்.

திரும்பி வந்ததெல்லாம் நஷ்டக் கணக்கு என்று சொல்ல முடியாது. நல்ல கேபிளாக இருந்தால் அது ரேடியோ பக்கம் முட்டி, மறுபடி ஆண்டெனாவுக்கே போகும். ஆனால் இன்றைய ரேடியோக்கள் பல, எஸ்.டபிள்யூ.ஆர் ஏறினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள சக்தியைத் தானாகக் குறைத்துவிடும். அதனால்தான் இந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை.

சரி, அந்த 1.7 எப்படி வந்தது?

கேபிளே சக்தியைத் தின்கிறது. அதுதான் விஷயம்.

மெல்லிய ஆர்.ஜி-58 கேபிள், 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு சுமார் 20 டெசிபெல் இழக்கும். 30 மீட்டருக்கு 6 டெசிபெல். அதாவது உள்ளே போனதில் நான்கில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். 50 வாட் அனுப்பினால் 12.5 வாட். அங்கே ஆண்டெனா இல்லாததால் அது முழுக்கத் திரும்புகிறது. திரும்பும் வழியிலும் அதே கதை. 12.5 வாட்டில் நான்கில் ஒரு பங்கு, சுமார் 3 வாட்தான் மீட்டருக்கு வந்து சேர்கிறது. மீட்டருக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. '50 போச்சு, 3 வந்துச்சு, சூப்பர்' என்று 1.7 காட்டுகிறது. மீதி 47 வாட்? கேபிளைச் சூடாக்கியதுதான் மிச்சம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அதே கேபிளின் முனையில் அருமையான ஆண்டெனா மாட்டினாலும், அதற்குப் போய்ச் சேருவது அதே 12.5 வாட்தான்.

அதே கேபிளை 7 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் இழப்பு மிகக் குறைவு. அங்கே ஆண்டெனா இல்லை என்றால் மீட்டர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதிர்வெண் ஏற ஏறத்தான் இந்தப் பொய் வலுக்கிறது.

இதன் உச்சம், டம்மி லோடு. ரேடியோவைச் சோதிக்கப் பயன்படுத்தும் 50 ஓம் மின்தடை. எஸ்.டபிள்யூ.ஆர் அட்டகாசமாக 1 காட்டும். ஆனால் பக்கத்துத் தெருவுக்குக்கூட சிக்னல் போகாது. எல்லாம் வெப்பமாகிவிடும். ஆக, எஸ்.டபிள்யூ.ஆர் 1 என்பது ரேடியோவுக்கு நிம்மதி. ஆண்டெனா நல்லதா என்பது வேறு கேள்வி.

லட்சங்களில் இருந்து ஆயிரங்களுக்கு வந்த கருவி

பழைய எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லும். ஆண்டெனா 25 ஓமா, 100 ஓமா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் 2 என்றே காட்டும். அதைத் தெரிந்துகொள்ள வெக்டர் நெட்வொர்க் அனலைசர் வேண்டும். ஆய்வகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் மட்டுமே இருந்த, லட்சக்கணக்கில் விலை போகும் கருவி அது.

நிலைமையை மாற்றியது நானோ வி.என்.ஏ. ஜப்பானைச் சேர்ந்த ஒரு பொறியாளர் பொழுதுபோக்காக வடிவமைத்து, வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2019-ல் சீனத் தயாரிப்புகள் சந்தைக்கு வந்ததும் உலகம் முழுக்கப் பரவியது. சட்டைப் பையில் அடங்கும் அளவு, சில ஆயிரம் ரூபாய் விலை. முதலில் வந்த மாடல்களே 50 கிலோஹெர்ட்ஸில் இருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தன.

இது ஒரு சின்ன சிக்னலை அனுப்பி, திரும்பி வருவது எவ்வளவு, எந்தக் கட்டத்தில் வருகிறது என்று இரண்டையும் பார்க்கும். அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ஆண்டெனாவின் மின்மறுப்பு முழுதாகக் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. அளக்கும் முன் காலிபரேஷன் செய்ய வேண்டும். கூடவே வரும் மூன்று சிறிய முனைகளை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும்: ஒன்று திறந்த முனை, ஒன்று ஷார்ட் செய்தது, ஒன்று 50 ஓம். தராசில் எடை போடும் முன் வெறும் தட்டை வைத்து முள்ளைச் சரிபார்ப்பது மாதிரிதான் இது. இதை எங்கே செய்கிறோம் என்பது முக்கியம். கருவியின் வாயில் செய்தால் கேபிளும் சேர்ந்துதான் அளவில் வரும். கேபிளின் மறுமுனையில், அதாவது ஆண்டெனா மாட்டப்போகும் இடத்தில் செய்தால், கேபிள் கணக்கில் இருந்து கழிந்துவிடும். முதல் பத்தியில் பார்த்த 1.7 பொய் இங்கே எடுபடாது.

அந்த வட்டப் படம் என்ன?

நானோ வி.என்.ஏ-வின் திரையில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம் தெரியும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஜாதகக் கட்டத்தைவிடக் குழப்பமாக இருக்கும். அதன் பெயர் ஸ்மித் சார்ட். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பிலிப் ஸ்மித் என்ற பொறியாளர் 1939-ல் வெளியிட்டது. அவரும் ஒரு ஹாம்தான். கால்குலேட்டர்கூட இல்லாத காலத்தில், சிக்கலான கணக்கை காகிதத்தில் பென்சிலால் போடுவதற்காக உருவானது.

இதைப் படிக்க அடிப்படையாக நான்கு விஷயம் போதும். நடுப்புள்ளி 50 ஓம், அங்கே போய்ச் சேருவதுதான் இலக்கு. இடது ஓரம் ஷார்ட் சர்க்யூட். வலது ஓரம் திறந்த முனை. கோடு நடு அச்சுக்கு மேலே இருந்தால் ஆண்டெனா காயில் போல நடந்துகொள்கிறது, கீழே இருந்தால் கெப்பாசிட்டர் போல. கம்பி நடுவில் பிரிந்து இருபக்கமும் போகும் டைபோல் ஆண்டெனாவுக்கு இதன் அர்த்தம் எளிது: மேலே என்றால் கம்பி நீளம் கூடுதல், கீழே என்றால் குறைவு.

வயரை எவ்வளவு வெட்டுவது?

ஒரு நிஜக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் கட்ட வேண்டும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும் என்பது ஹாம்களின் கைக்கணக்கு. 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர். பக்கத்துக்கு சுமார் 10 மீட்டர்.

கட்டி முடித்து அளந்தால், ஆண்டெனா ஒத்திசைவது 7.1-ல் இல்லை, 6.95-ல் என்று வைத்துக்கொள்வோம். இது அடிக்கடி நடப்பதுதான். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி உறை போட்ட வயரைப் பயன்படுத்தினால், அந்த உறையே ஒத்திசைவைச் சில சதவீதம் கீழே இழுக்கும். பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டேங்க் குழாய், இரும்பு கிரில், தளத்துக்குள் இருக்கும் கம்பி எல்லாமே தங்கள் பங்குக்கு மாற்றும்.

திருத்தம் எளிது. 20.14-ஐ 6.95-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.71 மீட்டர். பக்கத்துக்கு 21 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். அனுபவசாலிகள் யாரும் எடுத்தவுடன் வெட்ட மாட்டார்கள். மடித்துக் கட்டி, மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் கட்டிங் பிளேயரை எடுப்பார்கள். வெட்டினதை ஒட்ட முடியாதே.

தரையும் ஒரு பாகம்தான்

வெட்டவெளியில் தனியாக மிதக்கும் டைபோலின் மின்தடை சுமார் 73 ஓம் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் யாரும் விண்வெளியில் ஆண்டெனா கட்டுவதில்லை. தரைக்கு மிக அருகில் கட்டினால் அது இறங்கும். அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 90 ஓமை ஒட்டிப் போகும். இன்னும் மேலே போகப் போக 73-ஐச் சுற்றி ஏறி இறங்கும்.

இங்கேதான் இந்த விஷயத்தின் ரொம்ப சுவாரசியமான முரண் வருகிறது. தரையில் இருந்து நிமிர்ந்து நிற்கும் கால் அலைநீள ஆண்டெனாவை எடுத்துக்கொள்ளலாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 10 மீட்டர் உயரக் கம்பம். இதற்கு மறுபாதியாகத் தரைதான் வேலை செய்ய வேண்டும். அதற்காகக் கம்பத்தின் அடியில் இருந்து நாலா பக்கமும் தரையில் வயர்களை விரிப்பார்கள். ரேடியல் என்று பெயர்.

தரை கச்சிதமாக இருந்தால் இந்த ஆண்டெனாவின் மின்தடை 36 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர் சுமார் 1.4. இப்போது ஒருவர் சோம்பல்பட்டு மூன்று நான்கு ரேடியல் மட்டும் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் 14 ஓம் அளவுக்கு சக்தியைத் தின்கிறது. 36-ம் 14-ம் சேர்ந்தால் சரியாக 50 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர் 1! அவர் சந்தோஷமாக இருப்பார். ஆனால் 50 வாட்டில் 14 வாட் மண்ணுக்குள் போகிறது. வெளியே போவது 36 வாட்.

அடுத்த வாரம் அவரே நிறைய ரேடியல் போடுகிறார். மண் இழப்பு 4 ஓமாகக் குறைகிறது. மொத்தம் 40 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர் 1.25 ஆக 'கெட்டுப்போகிறது'. ஆனால் காற்றில் போவது 45 வாட். மீட்டரை மட்டும் நம்பினால், போட்ட ரேடியலை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு பழைய நிலைக்கே போவார்.

கம்ப்யூட்டர் மாடல் எதற்கு?

கருவி அளப்பது கேபிள் முனையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும். சிக்னல் எந்தத் திசையில் போகிறது, வானத்தைப் பார்த்தா, கடல் மட்டத்தை ஒட்டியா என்பதை அது சொல்லாது. ஹெலிகாப்டரில் சுற்றி வந்து அளந்தால் தெரியும், அதற்கு எங்கே போவது? அந்த இடத்துக்குத்தான் மாடலிங்.

ஹாம்கள் பயன்படுத்தும் பெரும்பாலான மென்பொருள்களின் இதயம் நெக்-2 என்ற கணக்கு நிரல். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், ஜெரால்ட் பர்க், ஆண்ட்ரூ பாஜியோ ஆகிய இருவர், அமெரிக்க ராணுவத் தேவைக்காக உருவாக்கியது. 1981-ல் வெளிவந்தது. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரலுக்குத் தகவலை அந்தக் காலத்தில் துளை போட்ட அட்டைகளில் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதன் ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் 'கார்டு' என்றுதான் பெயர். அட்டை போய்விட்டது, பெயர் போகவில்லை.

வேலை செய்யும் விதம் இதுதான்: ஆண்டெனா கம்பியை முருங்கைக்காய் நறுக்குவது போல சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டம் மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று சமன்பாடுகளை எழுதி, மொத்தமாகத் தீர்க்கும். மின்னோட்டம் தெரிந்தால் மின்மறுப்பு, திசை, பலம் எல்லாம் தெரிந்துவிடும். துண்டு குறைந்தால் விடை தப்பும். அரை அலைநீளத்துக்குக் குறைந்தது 10 துண்டுகள் என்பது பொதுவான பழக்கம்.

இதையே அழகான திரையோடு தருபவைதான் 4நெக்2, ஈஸிநெக் போன்றவை. காசுக்கு விற்கப்பட்டு வந்த ஈஸிநெக், 2022 முதல் இலவசம்.

நிக்கோபார் உதாரணத்துக்கே வருவோம். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலை 10 மீட்டர் உயரத்தில் கட்டி மாடல் போட்டால், சக்தியில் பெரும்பகுதி நேராக வானத்தை நோக்கிப் போவது தெரியும். 'மேலே போய் என்ன பயன்?' என்று கேட்கலாம். அங்கே, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றிலும் இறங்கும். 200, 300 கிலோமீட்டரில் இருப்பவருக்குப் பகல் நேரத்தில் கேட்க அதுதான் வேண்டும். இரவில் அயனி மண்டலம் வலுவிழந்து 7 மெகாஹெர்ட்ஸைத் திருப்பி அனுப்ப முடியாமல் போகும்போது, 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்குவார்கள்.

அதே டைபோலை 21 மீட்டர், அதாவது அரை அலைநீள உயரத்துக்குத் தூக்கினால்? நேர் மேலே போகும் சக்தி கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். தரையில் இருந்து சுமார் 30 டிகிரி கோணத்தில் பாயும். வெளிநாட்டோடு பேச அருமை. பக்கத்து மாவட்ட நிவாரண முகாமோடு பேச ஆகாது. இரண்டு உயரத்திலும் எஸ்.டபிள்யூ.ஆர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். உயரமாகக் கட்டினால்தான் நல்லது என்று கஷ்டப்பட்டு ஏற்றியவருக்கு, புயல் நேரத்தில் பக்கத்து ஊர் கேட்காமல் போவதற்குக் காரணம் மீட்டரில் தெரியாது, மாடலில் தெரியும்.

மாடலும் சொன்னதை அப்படியே நம்பும் ஆசாமிதான். மினிநெக் என்ற இன்னொரு வகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட எம்மானா போன்ற இலவச மென்பொருள்கள், மின்மறுப்பைக் கணக்கிடும்போது தரையைக் குறையே இல்லாத உலோகத் தகடாக எடுத்துக்கொள்ளும். தாழ்வாகக் கட்டிய ஆண்டெனாவுக்கு அது தரும் ஓம் கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகாது. மாடியில் இருக்கும் தண்ணீர்க் குழாயை நீங்கள் வரையாவிட்டால், அதற்கு அது இருப்பதே தெரியாது. அதனால் மாடல் போட்டு, கட்டி, அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று தேடுவதில்தான் பாதிப் பொழுதுபோக்கே இருக்கிறது.

நடுவில் இருக்கும் காயிலையும் அளக்கணும்

ஆண்டெனா 50 ஓம் இல்லையென்றால் நடுவில் ஒரு மேட்சிங் பாகம் வைப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஹாம்களிடம் இப்போது பிரபலமாக இருப்பது, ஒரு முனையில் மட்டும் இணைப்பு கொடுக்கும் அரை அலைநீள வயர். அந்த முனையில் மின்மறுப்பு 2,000, 3,000 ஓம் அளவில் இருக்கும். அதை 50-க்கு இறக்க, ஃபெரைட் வளையத்தில் வயரைச் சுற்றி டிரான்ஸ்ஃபார்மர் செய்வார்கள். 2 சுற்றுக்கு 14 சுற்று. விகிதம் 7. மின்மறுப்பு அதன் வர்க்கத்தில் மாறும் என்பதால் 49 மடங்கு. 50-ஐ 49-ஆல் பெருக்கினால் 2,450 ஓம்.

இது எவ்வளவு தின்கிறது என்று எப்படித் தெரியும்? ஹாம்களின் தந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு செய்து, முதுகோடு முதுகு சேர்த்துவிடுவார்கள். ஒன்று 50-ஐ 2,450 ஆக்கும், அடுத்தது அதை மறுபடி 50 ஆக்கும். நானோ வி.என்.ஏ-வின் இரண்டு வாய்களுக்கு நடுவில் மாட்டி மொத்த இழப்பை அளந்து, இரண்டால் வகுத்தால் போதும். மொத்தம் 2 டெசிபெல் என்றால் ஒன்றுக்கு 1 டெசிபெல். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அது 20 சதவீதம். 50 வாட் போட்டால் 10 வாட் அந்தச் சின்ன வளையத்துக்குள் வெப்பமாகிறது. மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், நம்ம ஊர் மே மாத வெயிலில்.

இதில் அதிகம் பயன்படும் 43 ரக ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை 130 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதைத் தாண்டினால் காந்தத் தன்மை போய்விடும். ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருக்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர் மெல்ல மெல்ல ஏறினால், முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது இந்த டப்பாவைத்தான். ரேடியோவை நிறுத்திவிட்டுத் தொடவும்.

இன்னொரு பாகம், சோக் பேலன். கேபிளின் வெளி உறையில் சிக்னல் ஓடி, கேபிளே ஆண்டெனாவாக மாறிவிடாமல் தடுப்பது. இது இல்லாவிட்டால் வீட்டு டி.வி-யில் கோடு விழும், மைக்கைத் தொட்டால் சுரீர் என்கும். இதையும் நானோ வி.என்.ஏ-வின் இரண்டு வாய்களுக்கு இடையே தொடராக மாட்டி அளக்கலாம். சிக்னல் 30 டெசிபெல் குறைந்தால், அது சுமார் 3,000 ஓம் தடை போடுகிறது என்று அர்த்தம். கடையில் '43 ரகம்' என்று சொல்லி விற்ற வளையம் நிஜமாகவே அதுதானா என்பதும் இந்த அளவில் தெரிந்துவிடும். கறுப்பாக இருக்கும் எல்லா வளையமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ரேடியோ பக்கத்தில் வைக்கும் 'ஆண்டெனா டியூனர்' இதையெல்லாம் சரிசெய்துவிடாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். பெயர்தான் அப்படி. அது ஆண்டெனாவை மாற்றுவதில்லை. ரேடியோவுக்கு 50 ஓம் தெரியும்படி செய்கிறது, அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் கேபிளில் நடக்கும் இழப்பு அப்படியே தொடரும்.

அளக்கும் முன்..

மின்கம்பிக்கு அருகில் ஆண்டெனா வயரையோ கம்பத்தையோ தூக்கவே கூடாது. சாய்ந்தால் தொடும் தூரத்தில் மின்கம்பி இருந்தால் இடத்தை மாற்றுவதுதான் வழி. இடி மின்னல் நேரத்தில் அளக்கக் கூடாது. வானம் தெளிவாக இருந்தாலும், காற்றில் ஆடும் நீளமான வயரில் நிலை மின்சாரம் சேரும். கருவியில் மாட்டும் முன் கேபிளின் நடு ஊசியையும் வெளி உறையையும் ஒருமுறை தொடவிட்டு அதை இறக்கிவிட வேண்டும். நானோ வி.என்.ஏ மாட்டியிருக்கும்போது ரேடியோவை அழுத்தினால், அந்தக் கருவியின் கதை அங்கேயே முடிந்தது.

அளந்த எண்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பது ஹாம்களின் பழக்கம். அதன் பயன் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தெரியும். அக்டோபரில் 1.8 காட்டிய அதே ஆண்டெனா, ஜனவரியில் 1.3 காட்டுகிறது. யாரும் எதையும் தொடவில்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாமா? கூடாது. பெரும்பாலும் மாடியில் இருக்கும் இணைப்பு வழியாகக் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். ஈரம் பட்ட கேபிள் முன்பைவிட அதிகமாகச் சக்தியைத் தின்னும், திரும்பி வருவதையும் சேர்த்துத் தின்னும். அதனால்தான் எண் அழகாகத் தெரிகிறது. அந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது, மேலே ஏறி கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளே செப்புப் பின்னல் கறுத்துப் போயிருந்தால் கேபிளை மாற்றிவிட்டு, புது இணைப்பை ரப்பர் டேப் சுற்றி அடைத்து, மறுபடி அளந்து நோட்டில் எழுத வேண்டும்.